லீவுக்கு ஒரு லைட்டான நாவல்: ‘புத்தம் வீடு’ம் எங்க அம்மச்சியோட கூட்டுக்காரியும்

(ஒலி வடிவத்திலிருந்து சுருக்கித் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)



போன மாசம் ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. பெங்களூர்ல வேலை பார்க்கிற ஒரு நேயர். “மே மாசம் லீவுக்கு ஊருக்குப் போறேன். ட்ரெயின்ல படிக்க லைட்டா ஒரு தமிழ் நாவல் சொல்லுங்க. பழைய ஃப்ரெண்ட்ஸ் ரொம்ப நாள் கழிச்சு மீட் பண்ற மாதிரி கதையா இருந்தா சூப்பர். வரலாறு கிளாஸ் மட்டும் எடுக்காதீங்க”ன்னு கேட்டிருந்தாரு.

நாவல் கைவசம் இருக்கு. வரலாறு கிளாஸ் எடுக்காம இருக்க முடியுமான்னுதான் தெரியல. மன்னிச்சுக்குங்க.

நான் சொல்லப் போற நாவல் ‘புத்தம் வீடு’. எழுதினவர் ஹெப்ஸிபா ஜேசுதாசன். முதல்ல வந்தது 1964ல. சின்ன நாவல்தான், ஒரு நீளமான ரயில் பயணத்துல முடிச்சிடலாம். கஷ்டமான மொழி இல்ல, பெரிய தத்துவம் எதுவும் பேசாது. சின்ன வயசுல ஒண்ணா பள்ளிக்கூடம் போன ரெண்டு பேர், பெரியவங்களான பிறகு மறுபடி பார்த்துக்கிறாங்க. அவ்வளவுதான் கதையோட மையம்.

ஆனா அந்த “மறுபடி பார்த்துக்கிறது”க்குப் பின்னாடி நூத்தம்பது வருஷம் நிக்குது. இந்த எபிசோட் அதைப் பத்தித்தான்.

யாரும் ஊரை விட்டுப் போகல

பழைய நண்பர்கள் சந்திக்கிற கதைன்னா நமக்கு உடனே ஞாபகம் வர்றது சினிமா. 2018ல வந்த ‘96’. தஞ்சாவூர் பள்ளிக்கூடம், ரீயூனியன், ஒரு ராத்திரி. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்கு 2006ல வந்த லால் ஜோஸோட ‘கிளாஸ்மேட்ஸ்’. எங்க ஊர் எல்லையில இருக்கிறதால நாங்க ரெண்டையும் பார்த்து ரெண்டுக்கும் அழுதவங்க.

இந்த மாதிரிக் கதையில எல்லாம் ஒரு பொது அம்சம் உண்டு. யாராவது ஒருத்தர் ஊரை விட்டுப் போயிடுவாங்க. அப்பா கடன்ல மாட்டுவார், குடும்பம் வேற ஊருக்குக் கிளம்பும், வேலை கிடைச்சு வெளிநாடு போவாங்க. நண்பர்களைத் தூரம் பிரிக்கும். அப்புறம் ஒரு நாள் தூரம் குறையும், சந்திப்பாங்க.

‘புத்தம் வீடு’ல அது கிடையாது. லிஸியும் தங்கராஜும் ஒரே ஊர். ஊர்ப் பேரு பனைவிளை, நாவலுக்காக எழுத்தாளர் வெச்ச பேரு. லிஸி புத்தம் வீட்டுப் பெண். ‘புத்தம் வீடு’ன்னா புது வீடு. ஆனா கதை நடக்கிறப்ப அந்த வீட்டுல புதுசா எதுவும் மிச்சமில்ல. பெருமை மட்டும் பாக்கி. தாத்தாவைக் ‘கண்ணப்பச்சி’ன்னு கூப்பிடுவா. தங்கராஜ், அந்த வீட்டு விளையில பனை ஏற வர்ற அன்பையனோட மகன்.

ரெண்டு பேரும் இருக்கிறது கூப்பிடு தூரத்துல. ஆனாலும் பிரிஞ்சாங்க. ஏன்னா லிஸி பெரியவளாயிட்டா. வயசுக்கு வந்த பெண்ணை வீட்டுக்குள்ள இருத்திட்டாங்க. பள்ளிக்கூடம் நின்னுச்சு, முற்றத்தைத் தாண்டுறது நின்னுச்சு.

நடுவுல இருந்த தடை ஒரு வாசப்படி.

இதுக்கு நம்ம பழைய இலக்கியத்துலயே பேர் இருக்கு: இற்செறிப்பு. அகப்பாடல்கள்ல காதல் தெரிய வந்ததும் தலைவியை வீட்டுக்குள்ள அடைச்சு வைக்கிறதை அப்படிச் சொல்வாங்க. தமிழ் எம்.ஏ. படிக்கிறவங்க அதை ஒரு துறையாப் படிச்சு எழுதிட்டுப் போயிடுவாங்க. ஹெப்ஸிபா அதுக்குள்ள ஒரு பன்னெண்டு, பதிமூணு வயசுப் பிள்ளையை உட்கார வெச்சு, அவளுக்கு நாள் எப்படிப் போகும்னு காட்டுறாங்க. காதல் தெரிஞ்சதுக்காக அடைக்கல, வயசுக்கு வந்ததுக்காகவே அடைச்சாங்கங்கிறது வித்தியாசம்.

‘விளை’ன்னா என்ன?

கொஞ்சம் ஊரைச் சுத்திட்டு வரலாம்.

களியக்காவிளை, பனைவிளை. குமரி மாவட்டத்து மேற்குப் பக்கம் எங்க திரும்பினாலும் ஒரு ‘விளை’ இருக்கும். நெல்லு விளையுற தாழ்ந்த பூமிக்கு வயல்னு பேர். மரம் நிக்கிற மேட்டுப் பூமி விளை. தென்னை, பலா, மரச்சீனி எல்லாம் விளையிலதான். ஒரு காலத்துல பனைதான் ராஜா.

இன்னைக்கு நீங்க மார்த்தாண்டத்துல இருந்து உள்ளே போனா பார்க்கிறது ரப்பர். அந்த மாற்றத்தையே 1990ல ஜெயமோகன் ‘ரப்பர்’னு நாவலா எழுதினார். ‘புத்தம் வீடு’ அதுக்கு முந்தின உலகம். பனை ஏறுறவங்க காலுல தளைநார், இடுப்புல பாளை அரிவாள். சீசன்ல ஒரு மரத்துல ஒரு நாளைக்கு ரெண்டு தடவையாவது ஏறி இறங்கணும். பாளையைச் சீவி விட்டாத்தான் ஊறும். ஊறின பதநீருக்கு எங்க ஊர்ல ‘அக்கானி’ன்னு பேர். அதைக் காய்ச்சினா கருப்பட்டி.

விளை ஒருத்தருக்குச் சொந்தம், ஏறுறது இன்னொருத்தர். கிடைக்கிறதை ரெண்டு பேரும் பங்கு போட்டுக்குவாங்க. ஆபத்து மட்டும் ஏறுறவருக்கு. தவறி விழுந்தா அந்தக் குடும்பத்துக்கு அன்னையோட எல்லாம் முடிஞ்சது.

இப்ப நாவலோட முடிச்சு புரியும். லிஸிக்கும் தங்கராஜுக்கும் நடுவுல நிக்கிறது ரெண்டு மதம் இல்ல, ரெண்டு மொழி இல்ல. ஒரே கோயிலுக்குப் போற சனம்தான். ஆனா ஒரு வீட்டுல விளை இருக்கு, இன்னொரு வீட்டுல தளைநார் இருக்கு. விளை வெச்சிருந்த வீடு நொடிச்சுப் போச்சு. இருந்தும் பனையேறி மகனுக்குப் பெண் கொடுக்கிறதுன்னா கேட்கவே முடியாத பேச்சு. காசு போனாலும் கௌரவம் போகாதுல்லா?

இங்க எனக்கு ஜேன் ஆஸ்டினோட ‘பர்சுவேஷன்’ ஞாபகம் வரும். 1817 கடைசியில வந்த நாவல். ஆன் எலியட்டும் கேப்டன் வென்ட்வொர்த்தும் எட்டு வருஷம் கழிச்சுத் திரும்பப் பார்க்கிறாங்க. அவங்களைப் பிரிச்சதும் கௌரவம்தான். அந்த வீடும் கடன்ல மூழ்கின வீடுதான். ஆனா ஆன் எலியட் நடக்கப் போகலாம், கடற்கரை ஊருக்குப் போகலாம், நாலு பேர் இருக்கிற அறையில வென்ட்வொர்த்தைத் தற்செயலாப் பார்க்கலாம். லிஸிக்குத் தற்செயலே கிடையாது. வீட்டுக்குள்ளயே இருக்கிறவளுக்கு எங்கிருந்து தற்செயல் வரும்?

அந்தப் பெஞ்சு எப்படி வந்துச்சு?

சரி. அப்படின்னா முதல்ல அவங்க எப்படி ஒண்ணாப் படிச்சாங்க? விளைக்காரர் வீட்டுப் பெண்ணும் பனையேறி மகனும் ஒரே பள்ளிக்கூடத்துல உட்கார்றது சும்மா நடந்த விஷயம் இல்ல.

1806ல ரிங்கல்தௌபேன்னு ஒரு ஜெர்மன் மிஷனரி, லண்டன் மிஷன் சார்பா திருவிதாங்கூருக்கு வர்றார். மயிலாடியில வேலையைத் தொடங்குறார். அவரை அங்க கூப்பிட்டு வந்தது மயிலாடி ஊர்க்காரரான வேதமாணிக்கம். கோயில் கட்டுற இடத்துல எல்லாம் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடமும் வருது. 1819ல நாகர்கோவில்ல பெண் பிள்ளைகளுக்குன்னு ஒரு பள்ளி தொடங்குது. இன்னைக்கு டதி ஸ்கூல்னு சொல்றோமே, அதுதான். திருவிதாங்கூர் அரசும் 1817லயே, கல்விச் செலவை அரசே ஏத்துக்கணும்னு ராணி கௌரி பார்வதி பாய் பேர்ல ஆணை போட்டிருந்துச்சு.

கேட்க நல்லாருக்கு. ஆனா அதே காலத்துல அந்தப் பள்ளிக்கு வந்த நாடார் பெண்கள் மேலாடை போட்டதுக்காகத் தெருவுல வெச்சுத் தாக்கப்பட்டாங்க. தோள்சீலைப் போராட்டம்னு பாடப் புத்தகத்துல படிச்சிருப்பீங்க. 1820கள்ல ஒரு சுற்று, 1850கள் கடைசியில இன்னொரு சுற்று. பள்ளிக்கூடமும் கோயிலும் எரிஞ்சுது. கடைசியில 1859 ஜூலை 26ல அரசு இறங்கி வந்து, நாடார் பெண்கள் மேலாடை அணியலாம்னு அறிவிச்சது. அதுலயும் உயர்சாதிப் பெண்கள் உடுத்துற மாதிரி உடுத்தக் கூடாதுன்னு ஒரு நிபந்தனை.

அப்படி அடிபட்டு வாங்கின இடம் அந்தப் பெஞ்சு. இதை வெச்சு யோசிச்சா ‘புத்தம் வீடு’ல ஒரு வேதனை தெரியும். வெளியில இருந்தவங்க போட்ட தடையை எதிர்த்து ஜெயிச்ச சமூகம், நாலு காசு வந்ததும் தன் வீட்டுக்குள்ள தானே ஒரு தடையைப் போட்டுக்கிச்சு. அம்மாவோட அம்மா பள்ளிக்கூடம் போகத் தெருவுல அடி வாங்கினா. பேத்தியைப் பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்தினது வீட்டுக்காரங்க. அதுக்கு அவங்க சொன்ன காரணம் ‘குடும்பப் பெருமை’.

ஹெப்ஸிபா இதைத் திட்டி எழுதல. கண்ணப்பச்சி கெட்டவர் இல்ல. பேத்தி மேல உயிரா இருக்கிற மனுஷன். நாவலோட பலமே அதுதான்னு நினைக்கிறேன். கெட்டவங்க அடைச்சு வெச்சா எதிர்த்து நிக்கலாம். பாசமா இருக்கிறவங்க அடைச்சு வெச்சா யாரை எதிர்க்க?

எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்து எழுதினவர்

ஹெப்ஸிபா பிறந்தது 1925ல பர்மாவுல. திருவனந்தபுரத்துல ஆங்கிலம் கற்பிச்சவர். கணவர் ஜேசுதாசன் அங்கேயே தமிழ்ப் பேராசிரியர். ரெண்டு பேரும் சேர்ந்து ஆங்கிலத்துல தமிழ் இலக்கிய வரலாறும் எழுதியிருக்காங்க. ஹெப்ஸிபா 2012ல காலமானார்.

இதுல கவனிக்க வேண்டியது வருஷம். 1956 நவம்பர் 1ல தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சியில இருந்து பிரிஞ்சு சென்னை மாநிலத்தோட சேருது. கன்னியாகுமரி மாவட்டம் பிறக்குது. களியக்காவிளை எல்லை ஊராகுது. அதுக்காக நேசமணி தலைமையில திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடினது, 1954 ஆகஸ்ட் 11ல புதுக்கடையிலயும் மார்த்தாண்டத்துலயும் போலீஸ் சுட்டது எல்லாம் தனி எபிசோடுக்கான விஷயம்.

அந்த எல்லை வந்து எட்டு வருஷத்துல ‘புத்தம் வீடு’ வருது. ரெண்டு வருஷம் கழிச்சு, 1966ல, சுந்தர ராமசாமியோட ‘ஒரு புளியமரத்தின் கதை’. 1968ல நீல பத்மநாபனோட ‘தலைமுறைகள்’. நாலு வருஷத்துக்குள்ள மூணு நாவல், மூணுலயும் குமரித் தமிழ். அதுல ஹெப்ஸிபா, நீல பத்மநாபன் ரெண்டு பேரும் வாழ்ந்தது திருவனந்தபுரத்துல. அதாவது, கேரளத்துல உட்கார்ந்துகிட்டு, தமிழ்நாட்டோட புதுசாச் சேர்ந்த ஊரோட பேச்சைத் தமிழ் வாசகருக்கு அறிமுகம் பண்ணினாங்க. அரசாங்கம் கோடு போட்டு மாவட்டத்தைச் சேர்த்துச்சு. அந்த ஊர்க்காரங்க எப்படிப் பேசுவாங்க, என்ன சாப்பிடுவாங்க, எதுக்கு வெட்கப்படுவாங்கன்னு மத்த தமிழர்களுக்குச் சொன்னது இந்த நாவல்கள்தான்.

எங்க அம்மச்சி சொன்னது

இப்ப ஒரு சொந்தக் கதை. இது இல்லாம இந்த நாவலைப் பத்தி எனக்குப் பேசத் தெரியல.

எங்க அம்மச்சி பிறந்து வளர்ந்தது களியக்காவிளை பக்கம். அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் படிச்சாங்க. கூடப் படிச்ச ஒருத்தி அவங்களுக்கு உயிர்க் கூட்டுக்காரி. அந்தக் கூட்டுக்காரி வீடு பாறசாலைப் பக்கம். ரெண்டு வீட்டுக்கும் நடுவுல நடந்து போற தூரம்தான்.

நான் காலேஜ் படிக்கிறப்ப இந்த எல்லைப் பிரிவினை எல்லாம் படிச்சிட்டு, பெரிய ஆராய்ச்சியாளர் மாதிரி அம்மச்சிகிட்டக் கேட்டேன். “1956ல எல்லை போட்டப்ப உங்க கூட்டுக்காரி அந்தப் பக்கம் போயிட்டாங்க, இல்ல? அதுக்கப்புறம் பார்க்கவே முடியலையா?”

அம்மச்சி சிரிச்சாங்க. “அது பின்ன வந்ததுல்லா மக்கா. என்னை வீட்டுல இருத்தினது அதுக்கு முன்னயாக்கும்.”

எனக்குச் சட்டுனு பதில் வரல. நான் எதிர்பார்த்த வில்லன் அரசாங்கம். உண்மையில எல்லை வந்த பிறகும் பஸ் ஓடுச்சு, சந்தை நடந்துச்சு, கல்யாணம் காட்சிக்கு ஆட்கள் போய் வந்துகிட்டுத்தான் இருந்தாங்க. இன்னைக்கும் களியக்காவிளையில இறங்கி நாலு அடி நடந்து கேரளா பஸ் ஏறலாம். மாநில எல்லையைத் தாண்ட முடிஞ்சது. அம்மச்சியால தாண்ட முடியாமப் போனது அவங்க வீட்டுத் திண்ணை.

சில வருஷம் கழிச்சு ஒரு மே மாசம், கண்ணு சரியாத் தெரியாத அம்மச்சிக்கு நான் ‘புத்தம் வீடு’ வாசிச்சுக் காட்டினேன். புத்தகத்துல அவங்க பேச்சையே கேட்டதும் முதல்ல சந்தேகம். “இது அச்சடிச்ச புக்குதானா, நீ சொந்தமாச் சொல்லுதியா?”ன்னு கேட்டாங்க. லிஸியை வீட்டுக்குள்ள இருத்துற இடம் வந்ததும் ஒண்ணும் பேசல. தங்கராஜ் திரும்ப வர்ற இடத்துல நிறுத்தச் சொன்னாங்க.

“அவனுக்கு மரம் ஏற வரலாம். அது வேலை. எனக்க கூட்டுக்காரி எதுக்குன்னு சொல்லிட்டு வருவா?”

நான் அந்த நாவலை மூணு தடவை படிச்சிருக்கேன். இந்தக் கேள்வி எனக்குத் தோணினதே இல்ல. ஆணும் பெண்ணும் மறுபடி சந்திச்சா அது காதல், கதையாகும். தொழில், சாக்கு, ஏதோ ஒரு வழி கிடைக்கும். ரெண்டு சின்னப் பெண்களோட சிநேகத்துக்கு அப்படி ஒரு சாக்குகூடக் கிடையாது. அது அறுந்து போனதை யாரும் இழப்புன்னு எழுதி வைக்கல. வீட்டுல யாரும் அதுக்காக அழல. அது பாட்டுக்கு நின்னு போச்சு.

அவங்க ரெண்டு பேரும் ஒரே ஒரு தடவை சந்திச்சிருக்காங்க. ரொம்ப வருஷம் கழிச்சு, குழித்துறையில ஒரு கல்யாண வீட்டுல. அந்தம்மா மேல படிச்சு நர்ஸ் வேலை பார்த்து, ஓய்வு வாங்குற வயசுக்கு வந்திருந்தாங்க. “என்ன பேசினீங்க?”ன்னு கேட்டேன்.

“மரச்சீனி வில. பிள்ளேளுக்க படிப்பு.”

“வேற?”

“வேற என்னத்தப் பேச? கண்டப்போ கூச்சமாப் போச்சு. அவளுக்க கையப் பிடிச்சிட்டு இருந்தேன், சாப்பாட்டுக்கு விளிச்சாங்க, எந்திரிச்சாச்சு.”

லைட்டான நாவலா இது?

லீவுக்குன்னு தனியா நாவல் அச்சடிக்கிற வழக்கம் ரொம்பப் பழசு. இங்கிலாந்துல ரயில் வந்ததும் 1848ல ஸ்டேஷனுக்குள்ள புத்தகக் கடை வந்துச்சு, அடுத்த வருஷமே ரயில்ல படிக்கன்னு மலிவு விலை நாவல் வரிசை வந்துச்சு. நம்ம பக்கம் ஹிக்கின்பாதம்ஸ் கடைகள், அப்புறம் பஸ் ஸ்டாண்டுல தொங்கின மாத நாவல்கள். களியக்காவிளை மாதிரி ஊர்ல ரெண்டு மொழியிலயும் தொங்கும். முற்றத்தைத் தாண்டாத எத்தனையோ பெண்களுக்கு வெளியுலகம்னு வந்தது அந்தத் தாளுதான். ‘லைட்’னு நாம தள்ளி வைக்கிற புத்தகங்களை நான் ஏளனமாப் பேசாததுக்கு அதுதான் காரணம்.

‘புத்தம் வீடு’ம் லைட்டான நாவல்தான். பல இடத்துல சிரிப்பு வரும். முடிவை நோக்கிப் போறப்ப ஒரு குற்றமும் ஒரு பழியும் வரும். அதை இங்க சொல்ல மாட்டேன், படிச்சுக்குங்க. முதல் சில பக்கம் பேச்சுமொழி பிடிபடாம இருந்தா சத்தம் போட்டு வாசிங்க. காதுக்குச் சீக்கிரம் பழகிடும்.

வாய்ஸ் நோட் அனுப்பின நண்பருக்கு ஒரு வேண்டுகோள். ஊருக்குப் போறப்ப வீட்டுல ஆச்சியோ அம்மச்சியோ பாட்டியோ இருந்தா, “உங்க கூடப் படிச்சவங்க பேர் என்ன?”ன்னு ஒரு தடவை கேளுங்க. பேர் உடனே வரும், எனக்கு அது நல்லாத் தெரியும். எங்க அம்மச்சிக்கு மத்தியானம் சாப்பிட்டது மறந்து போன காலத்துலயும் அந்தப் பேர் மறக்கல. அப்படி ஒரு பேர் கிடைச்சு, அவங்களும் இருந்தா, கார்ல கூட்டிட்டுப் போய் விடுங்க. சாப்பாட்டுக்குக் கூப்பிடாம கொஞ்ச நேரம் விட்டுடுங்க.

அடுத்த எபிசோடுல 1954 ஆகஸ்ட் 11 பத்திப் பேசலாம். அது லைட்டா இருக்காது. அதுவரைக்கும், வணக்கம்.